மோலா பிறந்த கதை

1681ஆம் ஆண்டு. பனாமாவின் டேரியன் காட்டுக்குள் ஒரு கடற்கொள்ளைக் கூட்டம் பசிபிக் கரையிலிருந்து கரீபியன் கரையை நோக்கி நடந்துகொண்டிருந்தது. வழியில், உலர்த்துவதற்காகப் பரப்பி வைத்திருந்த வெடிமருந்து தீப்பிடித்தது. கூட்டத்தோடு வந்த மருத்துவர் லயனல் வேஃபரின் முழங்கால் வெந்துபோயிற்று. நடக்க முடியாத அவரை அந்தக் காட்டில் வாழ்ந்த பூர்வகுடி மக்களிடம் விட்டுவிட்டு மற்றவர்கள் போய்விட்டார்கள். அந்த மக்கள் பச்சிலையை மென்று காயத்தில் வைத்துக் கட்டி அவர் காலைக் குணப்படுத்தினார்கள். சில மாதங்கள் அவர்களோடு வாழ்ந்துவிட்டுத் திரும்பிய வேஃபர், பார்த்ததையெல்லாம் 1699இல் புத்தகமாக வெளியிட்டார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு செய்தி உண்டு. அந்த மக்கள் தம் உடம்பில் பறவை, விலங்கு, மரம், மனித உருவம் என்று விதவிதமாக வரைந்துகொண்டார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை அவர்கள் விரும்பிய வண்ணங்கள். குச்சியின் நுனியை மென்று மிருதுவாக்கி அதையே தூரிகையாக்கிக்கொண்டார்கள். வரைகிறவர்கள் பெண்கள். வேஃபர் உடம்பிலும் வரைந்தார்கள். பழைய கூட்டாளிகளின் கப்பல் வந்தபோது அவர் உள்ளூர் மக்களோடு மக்களாகக் குந்தியிருக்க, வெகுநேரம் வரை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லையாம். அவ்வளவு முழுமையாக வரைந்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்களின் வழிவந்தவர்கள் குணா இனத்துப் பெண்கள். இன்று அவர்கள் உடம்பில் வரைவது பெரும்பாலும் மூக்கின் மேல் நீளவாக்கில் இழுக்கும் ஒற்றைக் கருங்கோடு மட்டுமே. அதற்கு ஹாகுவா என்ற காயின் சாறு மை. மற்ற ஓவியமெல்லாம் தோலை விட்டுத் துணிக்குப் போய்விட்டது. அந்தத் துணிதான் மோலா. பனாமாவுக்குப் போகிறவர்கள் கட்டாயம் கண்டுவிடும் பொருள் அது: சிவப்பும் கறுப்பும் ஆரஞ்சும் அடுக்கடுக்காகத் தெரிய, புதிர்ப்பாதைபோல் கோடுகள் சுற்றிச் சுற்றி ஓடும் செவ்வகத் துணி. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள், பையில் தைக்கிறார்கள், தலையணை உறையாக்குகிறார்கள். ஆனால் அது பிறந்தது ரவிக்கையாக. ரவிக்கையின் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று.

பயணக் கையேடுகள் பலவும் மோலாவை ‘பழங்காலக் கலை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அது உண்மையல்ல. மோலாவுக்கு வயது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுதான். கடையில் விற்கும் ஆலைத்துணி, எஃகுக் கத்தரிக்கோல், ஊசி, சாயம் போகாத நூல் ஆகிய நான்கும் வந்து சேர்ந்த பிறகே அது பிறக்க முடிந்தது. நான்குமே வெளியாருடையவை. வெளியார் கொண்டுவந்த பொருளை வாங்கி, வெளியார் எவராலும் செய்ய முடியாத ஒன்றை இந்தப் பெண்கள் செய்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. தொன்மை என்ற பொய்யான பெருமை அதற்குத் தேவையே இல்லை.

அந்த மண்ணைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். மத்திய அமெரிக்காவின் கடைசி நாடு பனாமா. அதற்கப்பால் தென் அமெரிக்கா. வரைபடத்தில் அது நிமிர்ந்து நிற்பதில்லை; எஸ் என்ற எழுத்தைப் படுக்கவைத்ததுபோல் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. வடக்கே கரீபியன் கடல், தெற்கே பசிபிக். பனாமா கால்வாயின் பசிபிக் வாயில் கரீபியன் வாயிலைவிடக் கிழக்கே இருக்கிறது என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. படத்தை எடுத்துப் பார்த்தால்தான் விளங்கும். பரப்பு சுமார் 75,000 சதுர கிலோமீட்டர், மக்கள் 40 லட்சத்துக்குச் சற்று மேல், பேசுவது ஸ்பானியம். நாணயத்துக்கு பல்போவா என்று பெயர், ஆனால் கையில் புழங்கும் தாளெல்லாம் அமெரிக்க டாலர்.

தலைநகரமான பனாமா நகரத்துக்குக் கிழக்கே, கரீபியன் கரையோரமாகக் கொலம்பிய எல்லை வரை நீண்டு கிடக்கும் ஒடுக்கமான நிலப்பட்டைதான் குணா யாலா. முன்பு சான் பிளாஸ் என்றார்கள். ஒரு பக்கம் காடடர்ந்த மலைத்தொடர், மறுபக்கம் கடல். கடலில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பவளத் தீவுகள். அவற்றில் மக்கள் வாழ்வது ஐம்பதுக்கும் குறைவானவற்றில். மக்கள்தொகை முப்பதாயிரத்துக்கு மேல். ஆள் வாழும் தீவில் கால்வைக்க இடமிருக்காது. நாணல் தட்டையும் மூங்கிலும் பனையோலையுமாக வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும். ஆளில்லாத தீவில் தென்னையும் மணலும் மட்டும். விளம்பரப் படங்களில் வருவது இரண்டாவது வகை. புயல்கள் வழக்கமாகச் சுழன்றடிக்கும் பாதைக்குத் தெற்கே இந்தக் கடல் இருப்பதால்தான் நீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே ஓலைக்குடிசை போட்டு வாழ முடிகிறது.

ஐரோப்பியர் அமெரிக்க நிலப்பகுதியில் முதன்முதலாகக் கால் பதித்த இடங்களில் இந்தக் கரையும் ஒன்று. 1513இல் ஸ்பானியரான பல்போவா பசிபிக் கடலைக் காண மலையேறியது இந்தக் கரையிலிருந்துதான். ஆறு ஆண்டுகள் கழித்து அவர் தலையை அவருடைய சொந்த நாட்டாரே வெட்டிய ஆக்லா ஊரும் இங்கேதான் இருந்தது. 1698இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் நாட்டுச் செல்வத்தில் பெரும்பங்கைக் கொட்டி இதே கரையில் குடியேற்றம் அமைக்க வந்து, காய்ச்சலிலும் பட்டினியிலும் ஸ்பானியரின் முற்றுகையிலும் அழிந்தார்கள். அந்த நஷ்டம் ஸ்காட்லாந்து 1707இல் இங்கிலாந்தோடு இணைந்ததற்கு ஒரு காரணமாயிற்று. வந்தவர் எல்லாம் போனார்கள். குணா மக்கள் இருந்தார்கள்.

ஆனால் அப்போது அவர்கள் தீவுகளில் இல்லை. டேரியன் காட்டு ஆறுகளின் கரைகளில் இருந்தார்கள். மெல்ல மெல்லக் கரீபியன் பக்கத்து ஆற்று முகங்களுக்கு இறங்கி, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்துதான் தீவுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். கொசுவும் காய்ச்சலும் தீவில் குறைவு, காற்று அதிகம். அதைவிடப் பெரிய காரணம் வியாபாரம். கரையோரம் வரும் வணிகக் கப்பல்களுக்கு இவர்களிடம் விற்கத் தேங்காய் இருந்தது. நூறாண்டுகளுக்கும் மேலாகத் தேங்காய்தான் இங்கே காசாக இருந்தது. கொலம்பியாவின் கார்த்தஹேனாவிலிருந்து வரும் படகுகள் தேங்காயை எண்ணி வாங்கிக்கொண்டு சர்க்கரை, மண்ணெண்ணெய், பானை, துணி எல்லாம் கொடுத்துவிட்டுப் போகும். ஆளில்லாத தீவில் விழுந்து கிடக்கும் தேங்காய்க்கும் சொந்தக்காரர் உண்டு. பயணிகள் சும்மா கிடக்கிறதே என்று எடுத்துவிடக் கூடாது.

அந்தப் படகுகளில் வந்த துணிதான் கதையின் திருப்பம். அதற்கு முன் குணாப் பெண்கள் தாங்களே நெய்த பருத்தித் துணியை இடுப்பில் சுற்றியிருந்தார்கள். மேலுக்கு வண்ணந்தான் ஆடை. கப்பல்துணி வந்ததும் தளர்ந்த நீண்ட சட்டை ஒன்றைத் தைத்துப் போட்டுக்கொண்டார்கள். முழங்கால் வரை தொங்கும் கருநீலச் சட்டை, அதன் அடியில் சிவப்புத் துணியில் ஒரு பட்டை. தொடக்கம் இவ்வளவு எளியது. அந்தப் பட்டைதான் வளர்ந்தது. ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரி, வரிக்குள் ஒரு கோணல், கோணலுக்குள் இன்னொரு நிறம். உடம்பில் வரைந்த கோலங்கள் ஒவ்வொன்றாகத் துணிக்கு இறங்கின. பட்டை மேலே ஏற ஏறச் சட்டை குறுகியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடுப்பளவு ரவிக்கையாகி, முன்னும் பின்னும் சித்திரம் நிறைந்துவிட்டது.

துணியில் வரைவதற்கு அவர்கள் தூரிகையையோ எம்பிராய்டரியையோ தேர்ந்தெடுக்கவில்லை. கத்தரியைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு முதல் ஐந்தாறு வரை வெவ்வேறு நிறத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நழுவாதிருக்க ஓட்டுத்தையல் போடுகிறார்கள். பிறகு மேல் துணியில் கோலத்தின்படி வெட்டுகிறார்கள். வெட்டிய இடத்தில் கீழ்த் துணியின் நிறம் தெரியும். வெட்டு விளிம்பை ஊசிநுனியால் உள்ளே மடித்து, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னத் தையலால் கீழ்த் துணியோடு இணைக்கிறார்கள். அடுத்த அடுக்குக்கும் அப்படியே. வேறு நிறம் ஓரிடத்தில் மட்டும் வேண்டுமென்றால் அங்கே மட்டும் ஒரு சிறு துண்டை இடையில் செருகுகிறார்கள். எஞ்சிய வெற்றிடத்தில் விரல்நக அகலத்தில் நெடுக்குக் கீறல்களைப் போட்டு நிரப்புகிறார்கள். வெற்றிடம் விடுவது குறை.

சாதாரணமாக ஒட்டுத்துணித் தையல் என்றால் ஒன்றின்மேல் ஒன்றைச் சேர்ப்பது. இங்கே எடுத்துக்கொண்டே போகிறார்கள். தவறாக வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது. பெரும்பாலும் பென்சில் கோடு கூடக் கிடையாது; மனத்தில் இருக்கும் கோலம் நேரே கத்தரிக்குப் போகிறது. நல்ல மோலா ஒன்றுக்கு வாரக்கணக்கிலிருந்து மாதக்கணக்கு வரை ஆகும். முன்துண்டும் பின்துண்டும் ஒரே கருத்தாக இருந்தாலும் ஒன்றுபோல் இருக்காது. முன்னால் ஒரு மீன் இடப்பக்கம் திரும்பியிருந்தால் பின்னால் அதன் வாலோ நிறமோ மாறியிருக்கும். அச்சு அசலாக இரண்டு செய்வது அவர்களுக்குப் பெருமையான வேலை அல்ல.

இரு துண்டும் தயாரானதும் மேலே ஒரு யோக், பக்கங்களில் பஃப் கை வைத்துத் தைத்தால் ரவிக்கை. கீழே அடர்நிறத் துணியை உடம்பில் சுற்றுகிறார்கள். தலைக்குச் சிவப்பும் மஞ்சளும் கலந்த முக்காடு. கையிலும் காலிலும் வினி என்ற பாசிமணிக் கட்டு. நீளமான மணிச்சரத்தை இறுக்கிச் சுற்றச் சுற்றக் கோலம் தானாக விழும்படி மணிகளைக் கோத்திருப்பார்கள். நடுமூக்கில், நம் பாட்டிகள் போட்டிருந்த புல்லாக்குபோல், ஒரு தங்க வளையம். இந்த வளையம் மட்டும் உண்மையிலேயே பழையது. வேஃபரே அதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மோலா எங்கிருந்து வந்தது என்று குணா மக்களிடமே கேட்டால் கப்பல் துணியைப் பற்றி அவர்கள் சொல்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத கோட்டைகள் சில உலகில் உண்டு. அவற்றில் ஒன்று பெண்களுக்கு மட்டுமே உரியது. அங்கே மரத்தின் அடியிலும் கிளையிலும் இலையிலும் கோலங்கள் படர்ந்திருக்கும். தீர்க்கதரிசனம் கொண்ட நகேகிரியாய் என்ற பெண் அங்கே போய் அவற்றைக் கற்றுவந்து மற்றப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்பது அவர்கள் சொல்லும் கதை. எனக்கு இந்த இரண்டு கதைகளுக்கும் இடையே மோதல் தெரியவில்லை. துணி வந்த வழியை ஒன்று சொல்கிறது. கோலம் வந்த வழியை மற்றது சொல்கிறது.

குணா வீட்டில் பெண்ணின் இடம் பெரிது. திருமணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். பெண் பூப்பெய்தினால் ஊர் முழுக்கச் சேர்ந்து, கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்த சிச்சா குடித்துக் கொண்டாடுகிறது. ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவர்களை ஒமேகித் என்று அழைக்கிறார்கள். அவர்களுக்கும் அங்கே இயல்பான இடம் உண்டு. நேர்த்தியான மோலா தைப்பவர்களில் அவர்கள் பலர். ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெரிய கூடம் இருக்கிறது. மாலையில் ஊர் அங்கே கூடும். சாய்லா என்னும் தலைவர் தொங்கும் வலைக்கட்டிலில் படுத்தபடி முன்னோர் வரலாற்றைப் பாடுவார். பாட்டின் மொழி பழையது, உவமைகள் நிறைந்தது. எனவே அர்கார் என்பவர் எழுந்து அதன் பொருளைப் பேச்சு மொழியில் விளக்குவார். பாட்டு மணிக்கணக்கில் நீளும். யாரும் உறங்கிவிடாதபடி நடுநடுவே குரல் கொடுக்கவே காவலர்கள் உண்டு. பெண்கள் விளக்கருகே உட்கார்ந்து, காதைப் பாட்டுக்குக் கொடுத்துக் கையால் மோலா தைத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த ரவிக்கையைக் கழற்றச் சொல்லி ஓர் அரசாங்கம் ஆணையிட்டது.

1903 நவம்பர் 3 அன்று பனாமா கொலம்பியாவிலிருந்து பிரிந்தது. குணா மக்களை யாரும் கேட்கவில்லை. கொலம்பியா 1870இலேயே அவர்கள் நிலத்தைத் தனி ஆட்சிப் பகுதியாக ஏற்றிருந்தது. புதிய எல்லை அந்த நிலத்தை இரண்டாக வெட்டியது. தலைவர்களில் சிலர் கொலம்பியாவின் பக்கம், சிலர் பனாமாவின் பக்கம். புதிய நாட்டுக்கோ அவசரம். கால்வாய் திறந்தாயிற்று, நாகரிகமான குடியரசு என்று உலகுக்குக் காட்ட வேண்டும். 1915இல் அதிபர் பெலிசாரியோ போர்ராஸ் எல் போர்வெனிர் தீவில் ஓர் ஆட்சி அலுவலகத்தை நிறுவினார். காவலர்கள் வந்தார்கள், பள்ளிகள் வந்தன. அதற்கு முன்பே மத போதகர்கள் வந்திருந்தார்கள். ரப்பரும் ஆமை ஓடும் தேடி வெளியாட்கள் வந்தார்கள்.

அடுத்த பத்தாண்டுகளில் ‘நாகரிகப்படுத்தல்’ பெண்களின் உடம்பில் நடந்தது. மூக்கு வளையத்தைக் கழற்று, கால்மணியை அறுத்தெறி, மோலாவை விட்டுக் கவுன் போடு, ஊர்க் கூடத்துக்குப் பதில் நடன மண்டபத்துக்கு வா. மறுத்தவர்களுக்கு அபராதம், சிறை. இளைஞர்களில் ஒரு பகுதியினர் இதற்கு ஆதரவாகவும் இருந்தார்கள்; நர்கனா போன்ற தீவுகளில் காவலர்களாகச் சேர்ந்தவர்களில் குணாக்களும் உண்டு. ஆண்கள் ஏற்கெனவே கால்சட்டைக்கும் தொப்பிக்கும் மாறிவிட்டிருந்தார்கள். அதனால் ஓர் இனத்தின் அடையாளம் முழுவதும் பெண்ணின் உடையில் வந்து தங்கியிருந்தது. அதைத் தொட்டபோது எல்லாவற்றையும் தொட்டதாயிற்று.

1925 பிப்ரவரி மாதக் கடைசி, கார்னிவல் திருவிழா நாட்கள். உஸ்துபுவின் நெலே கந்துலே, அய்லிகாந்தியின் சிம்ரால் கோல்மன் ஆகிய இரு தலைவர்களின் கீழ் குணாக்கள் தீவு தீவாகக் காவல் நிலையங்களைத் தாக்கினார்கள். காவலர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்குத் துணைபோன குணாக்களும், வெளியாருக்குப் பிறந்த குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். இந்தக் கிளர்ச்சியின் நியாயத்தை முழுமனத்தோடு ஏற்கிற நானும் அந்தக் குழந்தைகளைச் சொல்லாமல் விட முடியாது. குணாக்கள் தூலே குடியரசு என்று அறிவித்துக் கொடியேற்றினார்கள். அக்கொடியில் இருந்தது ஸ்வஸ்திகம். உலகைப் படைத்ததாக அவர்கள் நம்பும் எண்காலியின் வடிவம் அது என்று விளக்கம் சொல்கிறார்கள். நாஜிக் கட்சியோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை.

அவர்களோடு ரிச்சர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கரும் இருந்தார். முந்தைய ஆண்டு ‘வெள்ளை இந்தியர்’களைத் தேடி டேரியனுக்கு வந்தவர். குணா மக்களிடையே பிறவியிலேயே தோல் நிறமற்றவர்கள் அதிகம். நிலாவின் பிள்ளைகள் என்று அவர்களைச் சொல்வதுண்டு. அவர்களைக் கண்டு வேறொரு வெள்ளை இனம் என்று மார்ஷ் நம்பினார். அவருடைய கொள்கை தவறு. ஆனாலும் அவர் அங்கிருந்ததால் அமெரிக்கா கவனித்தது. கிளீவ்லாண்ட் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து நின்றது. மார்ச் 4 அன்று எல் போர்வெனிரில் உடன்பாடு கையெழுத்தானது. குணாக்கள் ஆயுதத்தைக் கீழே வைத்துப் பனாமாவுக்குள் இருக்க ஒப்புக்கொண்டார்கள். அரசு அவர்கள் வழக்கங்களில் தலையிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டது. 1938இல் அந்த நிலம் அவர்களுக்குரிய தனி ஆட்சிப் பகுதியாயிற்று. 1953இல் அதற்குத் தனிச் சட்டம் வந்தது. இன்றுவரை குணா அல்லாத ஒருவர் அங்கே ஒரு சாண் நிலம் வாங்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 25 வாக்கில் ஊரார் அந்தச் சண்டையைத் தெருவிலேயே நடித்துக் காட்டுகிறார்கள்.

வென்ற பிறகு மோலா என்ன செய்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அது தன்னைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது. குணா ஆண்கள் கால்வாய் மண்டலத்தில் அமெரிக்கப் படை முகாம்களின் சமையலறைகளில் வேலைக்குப் போனார்கள். வரும்போது பத்திரிகை, டப்பா, சுவரொட்டி எல்லாம் கொண்டுவந்தார்கள். இசைத்தட்டு நிறுவனத்தின் நாய் மோலாவில் ஏறியது. மதுப்புட்டிச் சீட்டு, தீப்பெட்டிப் படம், குத்துச்சண்டை, தேர்தல் சின்னம், நிலவுக்குப் போன ராக்கெட் எல்லாம் ஏறின. ஆங்கில எழுத்துகள் தலைகீழாகவும் இடம் வலம் மாறியும் வரும். தைத்தவருக்கு அவை எழுத்தல்ல, வடிவம். ஏசு வந்தார், நோவாவின் கப்பலும் வந்தது. கூடவே நண்டு, கடலாமை, டூக்கான் பறவை, மருந்துச்செடி, பாட்டி காலத்துப் புதிர்க்கோடு ஆகியவையும் போகாமல் இருந்தன. எது வந்தாலும் இரண்டு நிறமாகவோ ஐந்து நிறமாகவோ வெட்டி மடித்துத் தைத்துத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் தெம்பு அந்தக் கைகளுக்கு இருந்தது.

1960களில் சுற்றுலாக் கப்பல்களும் சேகரிப்பாளர்களும் வந்தார்கள். அதுவரை கிழிந்தால் தூக்கிப்போட்ட பழைய மோலாவுக்கு விலை கிடைத்தது. பெண்கள் கூட்டுறவு அமைத்தார்கள். தேங்காய் ஆணின் கையில் இருந்த காசு. மோலா பெண்ணின் கைக்கு வந்த காசு. அத்தோடு அவசரமும் வந்தது: பெரிய தையல், இரண்டே அடுக்கு, ஒரே கிளி, ஒரே மீன். அதைக் குறைசொல்ல மாட்டேன். பள்ளிக் கட்டணம் கட்டுவதற்காகத் தைக்கும் மோலாவும் மோலாதான். ஆனால் அதையும் மாதக்கணக்கில் தைத்ததையும் ஒரே விலைக்குக் கேட்பவர்களைக் கண்டால் கோபம் வருகிறது.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியே பலரும் மோலாவை அச்சடித்து விற்கிறார்கள். பனாமா 2000ஆம் ஆண்டில் 20ஆம் எண் சட்டத்தை இயற்றியது. கலைப்பொருள் ஒன்றின் உரிமை தனி ஆளுக்கு அல்லாமல் ஓர் இனத்துக்கே கூட்டாக உண்டு என்று ஏற்ற முன்னோடிச் சட்டம் அது. அதன்படி மோலா குணா மக்களின் கூட்டுரிமையாகப் பதிவாயிற்று. 2019இல் நைக்கி நிறுவனம் போர்ட்டோ ரிகோவைச் சிறப்பிப்பதாகச் சொல்லி ஒரு காலணியை அறிவித்தது. அதன்மேல் இருந்தது மோலாக் கோலம். குணாத் தலைவர்கள் எதிர்த்தார்கள்; காலணி விற்பனைக்கு வராமலேயே திரும்பப் பெறப்பட்டது. அங்கே வென்றது வெளிச்சம் பட்டதால். எந்தக் கோலம் எவருடையது என்று கேட்க ஆளில்லாத ஆயிரம் கடைகளில் திருட்டு நடந்துகொண்டுதான் இருக்கிறது. பனாமாவின் சட்டம் பனாமாவுக்கு வெளியே செல்லாது.

போகிறவர்களுக்குச் சில செய்திகள். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு; கிளம்ப ஏற்ற காலம் அதுவே, ஆனால் அந்த மாதங்களில் காற்றும் அலையும் பலமாக இருக்கும். பனாமா நகரத்திலிருந்து எல் யானோ வழியாக மலையைக் கடந்து கார்த்தி துறைக்கு ஒரு சாலை உண்டு. ஏற்ற இறக்கம் கடுமை என்பதால் நான்கு சக்கர இழுவை வண்டிகளில்தான் கூட்டிப்போகிறார்கள். ஏறத்தாழ மூன்று மணி நேரம். வழியில் குணாக்களின் சோதனைச் சாவடி. பாஸ்போர்ட் காட்டி நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். பிறகு படகு. தூரத் தீவுகளுக்குச் சிறு விமானம். கிழக்கே டேரியன் இடைவெளியில் சாலையே கிடையாது. பான் அமெரிக்க நெடுஞ்சாலை யாவிசாவில் நின்றுவிடுகிறது. அதனால் கொலம்பியாவுக்குப் போகும் பயணிகள் பலர் இந்தத் தீவுகள் வழியாகப் பாய்மரப் படகில் கார்த்தஹேனா போகிறார்கள். ஸ்கூபா முக்குளிப்புக்கு இங்கே தடை. கண்ணாடி மாட்டி மேலாக நீந்தலாம். பெண்களைப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். சிலர் ஒரு டாலர் கேட்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். இரண்டையும் மதிக்க வேண்டும்.

போகிறவர்கள் பார்க்க வேண்டிய இன்னொன்று, கடல் ஏறுவது. கார்த்தி சுக்துப் என்ற நெருக்கமான தீவில் ஆண்டுதோறும் தண்ணீர் வீட்டுக்குள் வந்து போயிற்று. 2024 ஜூனில் அங்கிருந்து சுமார் 300 குடும்பங்களுக்குக் கரையில் இஸ்பேர்யாலா என்ற புதிய ஊரில் வீடு கொடுக்கப்பட்டது. கொசுவுக்கு அஞ்சிக் காட்டிலிருந்து கடலுக்கு வந்தவர்கள், கடலுக்கு அஞ்சிக் காட்டோரம் திரும்புகிறார்கள். நேர்கோட்டுத் தெருக்களில் வரிசையாக ஒரே அச்சு வீடுகள். ஓலைவேய்ந்த ஊர்க் கூடத்தைத் தங்களுக்கென்று தனியே கட்டிக்கொள்ள வேண்டியது அந்த மக்களின் பாடு. எல்லாரும் போய்விடவில்லை, சிலர் தீவிலேயே தங்கிவிட்டார்கள். மற்றத் தீவுகளின் முறையும் வரும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். மோலா பிறந்ததே ஓர் இடப்பெயர்ச்சியின் போதுதான் என்பதால், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தீவைவிட்டு வரும் கிழவர்களைப் பற்றித்தான் கவலை.

தீவு வரை போக நேரமில்லாதவர்கள் பனாமா நகரத்தின் பழைய பகுதியான காஸ்கோ வியஹோவில் மோலாவுக்கென்றே இருக்கும் அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம். பழைய மோலாக்களை நின்று நிதானமாகப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனால் கண் தானாகத் தேறியிருக்கும். தெருவோரம் குணாப் பெண்களே விரித்து வைத்து விற்கிறார்கள். எடுத்ததும் நிறத்தைப் பார்க்காமல் விளிம்பைப் பாருங்கள். மடிப்பு ஒரே அகலத்தில் போகிறதா, வளைவில் துணி சுருங்காமல் திரும்புகிறதா, தையல் நூல் துணியின் நிறத்திலேயே மறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுக்குகளை விரலால் எண்ணுங்கள். வெற்றிடம் எங்காவது விட்டிருக்கிறதா என்று தேடுங்கள். துண்டின் ஓரம் நெடுக ஊசித்துளைகளும் பிரித்தெடுத்த நூல் துணுக்கும் இருந்து, நிறம் லேசாக மங்கியிருந்தால் அது ரவிக்கையாகப் போட்டுக் கழற்றிய மோலா. விற்பதற்காக அல்லாமல் தான் உடுத்துவதற்காக ஒருத்தி தைத்தது. அதற்கு விற்பவர் சொல்லும் விலையில் பேரம் பேச வேண்டாம். முன்துண்டோடு பின்துண்டும் இருக்கிறதா என்று கேளுங்கள், இருந்தால் ஜோடியைப் பிரிக்காமல் இரண்டையும் வாங்குங்கள்.